கம்பளத்துக்குத் தடியடி

லண்டன் மாநகரப் போலீஸ் சட்டம் 1839இல் வந்தது. பொதுவழியில் என்னென்ன செய்யக் கூடாது என்று அதில் நீண்ட பட்டியல் ஒன்று உண்டு. பிறருக்குத் தொல்லையாகக் காற்றாடி விடக் கூடாது. காரணமில்லாமல் அடுத்த வீட்டு மணியை இழுத்து அடிக்கக் கூடாது. பனி உறைந்த தெருவில் சறுக்கி விளையாடி வழிப்போக்கரை விழவைக்கக் கூடாது. இந்த வரிசையில் 60ஆம் பிரிவு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறது: தெருவில் கம்பளத்தையோ விரிப்பையோ மிதியடியையோ அடிக்கக் கூடாது, உதறக் கூடாது. வாசல் மிதியடிக்கு மட்டும் சலுகை. காலை 8 மணிக்குள் என்றால் உதறிக்கொள்ளலாம். மீறினால் 40 ஷில்லிங் வரை அபராதம்.

காற்றாடி விடும் பையன்களையும் கம்பளம் உதறும் வேலைக்காரிகளையும் ஒரே சட்டத்தில் கட்டிப்போட்ட அந்தப் பாராளுமன்றத்தைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றும். ஆனால் அந்தக் காலத்து லண்டன் கம்பளம் ஒன்றைத் தெருவில் உதறினால் என்ன பறந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். கணப்பில் எரிந்த நிலக்கரியின் கரி, பூட்ஸ் அடியில் ஒட்டி வந்த குதிரைச் சாணம், ஒரு வருஷத்து மண், நாய் முடி, பூச்சி அரித்துப்போட்ட கம்பளித் தூள். எல்லாம் எதிரே வருகிறவர் மூக்கில்தான்.

கம்பளத்தை எத்தனை நாளுக்கு ஒருமுறை, ஆள் வைத்துச் சுத்தம் செய்ய வேண்டும்? இன்று கடைக்காரரைக் கேட்டால் மாதக் கணக்கில் ஒரு பதில் சொல்வார். நூறு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் ‘வசந்தத்தில் ஒருமுறை’ என்றிருப்பார்கள். அதற்கும் முன்னால் கேள்வியே புரிந்திருக்காது. கம்பளத்தில் விழும் அழுக்கு என்னவோ எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரிதான் விழுந்தது. அதைத் தட்டியெடுக்கும் கை யாருடையது, அந்தக் கைக்குக் கூலி என்ன என்பதைப் பொறுத்துத்தான் கணக்கு மாறிக்கொண்டே வந்தது.

இங்கிலாந்தில் கம்பளம் முதலில் தரைக்கே வரவில்லை. எட்டாம் ஹென்றியின் வலக்கையாக இருந்த கார்டினல் வூல்சி, வெனிஸ் தூதரை நச்சரித்து 1520இல் 60 கம்பளங்களை வரவழைத்தார். அப்படிக் கடல் தாண்டி வந்த கம்பளத்தைக் காலில் மிதிக்க யாருக்கு மனம் வரும்? மேசைமேல் விரித்தார்கள், பெட்டிமேல் விரித்தார்கள். 1533இல் ஹான்ஸ் ஹோல்பைன் வரைந்த ‘தூதர்கள்’ ஓவியம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அதில் இரண்டு கனவான்கள் சாய்ந்து நிற்கும் மேசையின் மேல்தட்டில் துருக்கிக் கம்பளம் ஒன்று தொங்குகிறது. கம்பளத்தின்மேல் கால் வைத்து நிற்பது அரசர் செய்கிற காரியம்.

சாமானியர் வீட்டுத் தரையில் நாணலும் கோரையும் பரப்பியிருந்தார்கள். பழையது நசுங்கினால் அதன்மேலேயே புதியதைப் பரப்புவது வழக்கம். நெதர்லாந்து அறிஞர் எராஸ்மஸ் இங்கிலாந்தில் தங்கியிருந்தவர். அந்தத் தரைகளின் அடி அடுக்கு சில வீடுகளில் இருபது ஆண்டுகள்கூட அப்படியே கிடக்கும் என்று வூல்சியின் மருத்துவருக்கு எழுதிய கடிதத்தில் அருவருப்போடு சொல்கிறார். எச்சில், மீன் முள், சிந்திய பீர், நாயின் மூத்திரம் எல்லாம் அந்த அடுக்குக்குள்தான். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ற கேள்விக்கு வரலாற்றில் பதிவான மிக மோசமான பதில் இதுவாகத்தான் இருக்கும்.

தாமஸ் விட்டி என்பவர் 1755இல் ஆக்ஸ்மின்ஸ்டர் என்ற சிற்றூரில் கம்பளம் நெய்யத் தொடங்கினார். வில்டனிலும் தறிகள் ஓடின. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கரான எராஸ்டஸ் பிகலோ விசைத்தறியில் கம்பளம் நெய்ய வழி கண்டபிறகு, குமாஸ்தா வீட்டு முன்னறைக்கும் கம்பளம் எட்டியது. 27 அங்குல அகலத்தில் சுருள் சுருளாக வரும். அதை அறையின் அளவுக்கு ஒன்றோடொன்று தைத்து, ஓரம் முழுக்க ஆணி அடித்துச் சுவரோடு சுவராகப் பொருத்துவார்கள். பார்க்க அழகுதான். ஆனால் ஆணி அடித்த கம்பளத்தை யார் தினமும் எடுத்து உதறுவது?

அன்றாடத்துக்குத் துடைப்பமும் தேயிலையும். ஆம், குடித்து முடித்த தேயிலைச் சக்கை. அதைப் பிழிந்து, ஈரத்தோடு கம்பளத்தின்மேல் தூவிவிட்டுக் கூட்டினால் தூசி மேலே கிளம்பாமல் சக்கையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். 1861இல் வெளிவந்த மிஸஸ் பீட்டனின் பிரசித்தி பெற்ற இல்லப் பராமரிப்பு நூலும் இந்த வழியைச் சொல்கிறது. மண் வாசலைக் கூட்டும்முன் நம் வீடுகளில் தண்ணீர் தெளிப்பார்களே, அதே யோசனைதான். வெளிர் நிறக் கம்பளம் என்றால் சக்கையை நன்றாக அலசிவிட்டுத் தூவ வேண்டும். இல்லாவிட்டால் கூட்டி முடிக்கும்போது கம்பளமும் தேநீர் நிறத்துக்கு வந்திருக்கும்.

துடைப்பம் மேலோடு போகும் குப்பையைத்தான் தள்ளும். கம்பளத்தை அழிப்பது கண்ணுக்குத் தெரியாத மணல். அது நூல்முடியின் அடிவேருக்கு இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. மேலே ஆள் நடக்கும்போதெல்லாம் கூரான மணல் விளிம்பு நூலின் அடியை அறுக்கிறது. ஒரு பாதை மட்டும் தேய்ந்து வழுக்கை விழுந்த கம்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். மிதிபட்டுத் தேய்ந்தது என்போம். பாதி வேலை மணல் செய்தது. இந்த மணலை வெளியே கொண்டுவர அந்தக் காலத்தில் ஒரே வழி, கம்பளத்தைக் குப்புறத் தொங்கவிட்டு முதுகில் அடிப்பதுதான்.

ஆகவே வருஷத்துக்கு ஒருமுறை. குளிர் முடிந்து கணப்பு அணைந்த பிறகு, வசந்தத்தில். ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மேசை நாற்காலியை வெளியே தள்ளி, கம்பளத்தைச் சுருட்டித் தோளில் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கோ ஊர் எல்லைத் திடலுக்கோ போவார்கள். இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டிப் போட்டு அடிப்பார்கள். அடிக்கிற கருவி பிரம்பு. கீழ்த்திசைக் காடுகளிலிருந்து கப்பலேறிப்போன பிரம்பைப் பின்னல் கோலம்போல் வளைத்து முடிந்து, கைப்பிடி வைத்திருப்பார்கள். தடித்த கட்டையால் அடித்தால் நூல் முறியும். வளைந்து கொடுக்கும் பிரம்பு வலிக்காமல் அடிக்கும். நம்மூர்ப் பழைய வாத்தியார்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

நம் போகிக்கு முந்தைய வாரத்து ரகளையை நினைத்துக்கொண்டால் அந்த வசந்தகாலச் சுத்தம் புரியும். வீட்டில் சாப்பாடு நேரத்துக்கு வராது, ஆண்கள் நைசாக வெளியே நழுவிவிடுவார்கள். ஆனாலும் அந்த வேலைக்குள் ஒரு கொண்டாட்டமும் இருந்திருக்கிறது. சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37இல் தொடராக எழுதிய ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலில் சாம் வெல்லர் தன் மனதுக்கினிய மேரியைத் தேடிக் கண்டுபிடிக்கும்போது அவள் கம்பளம் உதற வந்திருக்கிறாள். சாம் ஒரு முனையைப் பிடித்துக்கொள்கிறான். உதறி மடிக்கும்போது இருவரும் நெருங்கி வர வேண்டியிருக்கிறதே, அதை வைத்து டிக்கன்ஸ் குறும்பாக விளையாடியிருப்பார். பெரிய ஜமக்காளத்தை இரண்டு பேராக மடித்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம்.

இந்த வருஷாந்தர வேலையே ஒரு தொழிலாயிற்று. கூலிக்குக் கம்பளம் அடிப்பவர்கள் வண்டியோடு வந்து எடுத்துப்போனார்கள். நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவி எஞ்சின் அந்தக் கையிலிருந்தும் பிரம்பைப் பிடுங்கிக்கொண்டது. லண்டனிலும் அமெரிக்க நகரங்களிலும் நீராவிக் கம்பளச் சாலைகள் திறந்தன; காலையில் வண்டி வரும், கம்பளம் போகும், எந்திரத்தடிகள் விடாமல் அடித்துத் தூசியைக் கக்கவைத்துத் திருப்பி அனுப்பும். கூலி வாங்கிக்கொண்டு வெளியார் செய்யும் கம்பளச் சுத்தம் ஏதோ நேற்று முளைத்ததல்ல என்பதற்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் மெல்வில் பிஸல், அனா பிஸல் என்ற தம்பதி பீங்கான் கடை வைத்திருந்தார்கள். பீங்கான் உடையாமலிருக்க மரத்தூளில் புதைத்து அனுப்புவது அந்நாள் வழக்கம். பெட்டியைப் பிரித்தால் கடைக் கம்பளம் முழுக்க மரத்தூள். அந்த எரிச்சலில் மெல்வில் செய்த, தள்ளினால் உள்ளே தூரிகை சுழன்று குப்பையை அள்ளும் பெட்டிக்கு 1876இல் காப்புரிமை கிடைத்தது. 1889இல் அவர் இறந்தபிறகு நிறுவனத்தை நடத்தியவர் அனா. குழந்தைகளை வளர்த்துக்கொண்டே ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்துக்குத் தலைமை தாங்கிய முதல் பெண்களில் ஒருவர். ஆனாலும் அவருடைய பெட்டி மேல்மணலைத்தான் எடுத்தது. அடிமணல் அங்கேயே இருந்தது.

அடிமணலுக்கு ஆள் வந்தது 1901இல்.

ஹ்யூபர்ட் செசில் பூத் பொறியாளர். 1871இல் க்ளாஸ்டர் நகரில் பிறந்தவர். பாலங்களும் பொருட்காட்சி ராட்சத ராட்டினங்களும் வடிவமைத்தவர். வியன்னாவில் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கும் 1897ஆம் ஆண்டு ராட்டினத்தில் அவர் கைவண்ணம் உண்டு. லண்டன் எம்பயர் மியூசிக் ஹாலில் ஓர் அமெரிக்கர் தூசி நீக்கும் எந்திரம் ஒன்றைக் காட்டப்போகிறார் என்று கேள்விப்பட்டுப் போனார். அந்த எந்திரம் கம்பளத்தின்மேல் காற்றை ஊதியது. கிளம்பிய தூசியில் கொஞ்சம் பெட்டிக்குள் போனது, மிச்சம் சபையில் இருந்தவர்கள்மேல் படிந்தது. ‘ஊதுவதற்குப் பதில் உறிஞ்சக் கூடாதா?’ என்று பூத் கேட்டார். அது நடக்காத காரியம் என்று அந்த அமெரிக்கர் கடுப்போடு சொல்லிவிட்டார்.

பூத் விடவில்லை. சில நாள் கழித்து விக்டோரியா தெருவில் ஓர் உணவு விடுதிக்குப் போனவர், வெல்வெட் நாற்காலியின் முதுகில் வாயை வைத்து ஒரே உறிஞ்சாக உறிஞ்சினார். புரையேறி மூச்சுத் திணறியது. நடுவில் கைக்குட்டையை வைத்து உறிஞ்சியபோது துணியின் மறுபக்கம் கறுப்பு வட்டமாக அழுக்கு. ஒரு பெரிய மனிதர் விடுதி நாற்காலியைக் கவ்விக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பரிமாறியவர் என்ன நினைத்திருப்பாரோ! ஆனால் அந்தக் கறுப்பு வட்டத்தில் இரண்டு விஷயம் முடிவாகிவிட்டது: உறிஞ்சினால் வரும், துணி வடிகட்டும். இன்றுவரை வாக்யூம் கிளீனருக்குள் இருப்பது இந்த இரண்டுதான்.

அவர் கட்டிய எந்திரத்தை வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது. குதிரை வண்டியில் ஏற்றிய, செந்நிறம் பூசிய பெரிய பம்பு. தெருவில் நின்று புகைவிட்டுக்கொண்டு இரையும். நீளக் குழாய்கள் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போகும். சீருடை அணிந்த ஆட்கள் அறை அறையாகக் கம்பளத்தைத் தடவி எடுப்பார்கள். ஆணியைப் பிடுங்க வேண்டாம், கயிறு கட்ட வேண்டாம். குழாயில் ஓரிடத்தில் கண்ணாடி வைத்திருந்தார் பூத். தூசி ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். சீமாட்டிகள் தோழிகளைத் தேநீருக்கு அழைத்து, தங்கள் வீட்டு அழுக்கு ஓடுவதை உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். தன் வீட்டு அழுக்கை விருந்தாளிக்குக் காட்டிப் பெருமைப்பட்ட தலைமுறை மனித வரலாற்றில் அது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

எந்திரச் சத்தத்தில் வாடகை வண்டிக் குதிரைகள் மிரண்டன, வழக்குகள் வந்தன. கம்பளத்தை உதறக் கூடாது என்று போலீஸ் சட்டம் போட்ட அதே லண்டன் தெருக்களில் கம்பளம் சுத்தம் செய்யும் எந்திரமே இப்போது நின்றுகொண்டிருந்தது. தூசி மட்டும் பறக்கவில்லை.

பூத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது 1902ஆம் ஆண்டு முடிசூட்டு விழா. ஏழாம் எட்வர்டின் பட்டாபிஷேகத்துக்கு வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயம் தயாராகிக்கொண்டிருந்தது. சிம்மாசனங்களுக்குக் கீழே விரித்திருந்த நீலக் கம்பளம் அழுக்காகியிருந்தது கடைசி நேரத்தில்தான் கண்ணில் பட்டது. எடுத்து அடிக்க நேரமில்லை. பூத்தின் எந்திரம் வந்து, கம்பளத்தை நகர்த்தாமலே சுத்தம் செய்துவிட்டுப் போனது. விஷயம் ராஜாவின் காதுக்குப் போய், பக்கிங்ஹாம் அரண்மனைக்கும் வின்ஸர் கோட்டைக்கும் தலா ஓர் எந்திரம் வாங்கினார்கள். முதல் உலகப்போரின்போது லண்டன் கிரிஸ்டல் பேலஸில் தங்கியிருந்த கடற்படை வீரர்களிடையே மூளைக்காய்ச்சல் பரவ, பூத்தின் 15 எந்திரங்கள் அங்கே போயின. 26 டன் தூசியை எடுத்ததாகச் சொல்வார்கள். ஒரு கட்டடத்திலிருந்து 26 டன்!

அந்த வின்ஸர் கோட்டையில் வாட்டர்லூ கூடம் என்று ஒன்று உண்டு. அங்கே கிடக்கும் கம்பளம் நம் நாட்டது: விக்டோரியா ராணிக்காக ஆக்ரா சிறைக் கைதிகள் நெய்து, 1894இல் போய்ச் சேர்ந்தது. தையல் இல்லாமல் ஒரே துண்டாக நெய்த கம்பளங்களில் உலகிலேயே பெரியவற்றுள் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். எடை 2 டன்னாம். 1992இல் கோட்டையில் தீப்பிடித்தபோது அதைச் சுருட்டித் தூக்க 50 சிப்பாய்கள் தேவைப்பட்டார்கள். இப்படி ஒன்றைத் தோட்டத்துக்குத் தூக்கிப்போய்க் கயிற்றில் போட்டுப் பிரம்பால் அடிப்பதை நினைத்துப் பாருங்கள். பம்பு வண்டியை ராஜா உடனே வாங்கியதில் ஆச்சரியமில்லை.

பூத்தின் எந்திரம் பணக்காரர் வீட்டுக்கு வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை வந்துபோகும் விருந்தாளி. அதை வீட்டு மூலையில் நிரந்தரமாகக் குடியேற்றியவர் ஒரு துப்புரவுத் தொழிலாளி. ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கான்டன் நகரத்துப் பல்பொருள் அங்காடி ஒன்றில் இரவுநேரம் தரை கூட்டியவர்; ஆஸ்துமா நோயாளி. கூட்டக் கூட்டத் தூசி கிளம்பி நெஞ்சை அடைத்தது. பழைய மின்விசிறி மோட்டார், துடைப்பக் கட்டை, சோப்புப் பெட்டி, ஒரு தலையணை உறை. இவ்வளவையும் சேர்த்துக் கட்டித் தனக்கென்று ஒன்றைச் செய்துகொண்டார். 1908 ஜூன் 2இல் காப்புரிமை கிடைத்தது. பெரிய அளவில் செய்ய அவரிடம் பணமில்லை. உறவுக்காரப் பெண் சூசனின் கணவர் வில்லியம் ஹூவர் அதே வட்டாரத்தில் குதிரைச் சேணமும் தோல் சாமானும் செய்துகொண்டிருந்தார். மோட்டார் கார் வந்து சேண வியாபாரத்தைச் சாப்பிடத் தொடங்கியிருந்த நேரம். ஹூவர் உரிமையை வாங்கிக்கொண்டார். பிறகு இங்கிலாந்தில் அவர் பெயரே அந்த எந்திரத்தின் பெயராகி, ‘ஹூவர் பண்ணு’ என்கிற அளவுக்கு வினைச்சொல்லும் ஆகிவிட்டது.

அதற்குப்பின் நடந்ததைத்தான் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் தோண்டி எடுத்தார். 1983இல் வந்த அவருடைய ‘மோர் வொர்க் ஃபார் மதர்’ நூலின் வாதம் எளிமையானது: வீட்டு எந்திரங்கள் மிச்சப்படுத்தியது வீட்டுப் பெண்ணின் வேலையை அல்ல, பெரும்பாலும் மற்றவர்களின் வேலையை. கம்பளம் இதற்குத் தோதான உதாரணம். முன்பு வருஷத்துக்கு ஓரிரு முறை, தூக்க ஆண்கள், அடிக்கப் பையன்கள், கூலிக்கு ஆள். வாக்யூம் கிளீனர் வந்ததும் அத்தனை பேருக்கும் விடுதலை. ஒருத்தி தனியாகச் செய்யலாம். செய்ய முடியும் என்றானதும் வாராவாரம் செய்ய வேண்டும் என்றாயிற்று. விளம்பரங்களும் நாள்தோறும் செய்யச் சொல்லி நச்சரித்தன. ‘எத்தனை நாளுக்கு ஒருமுறை’ என்பதில் வருஷம் வாரமாகச் சுருங்கியது இப்படித்தான். மிக்ஸி வந்தபிறகு தினம் ஒரு சட்னி என்றான கதையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

இப்போது கடைக்காரர் சொல்லும் மாதக் கணக்குக்கு வருவோம். அது பிறந்த இடம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டால்டன். 1895இல் கேதரின் எவன்ஸ் என்ற 15 வயதுப் பெண் அந்த ஊரில் பழைய முறையில் குஞ்சம் குஞ்சமாக நூல் கோத்து ஒரு படுக்கைவிரிப்பு செய்தாள். 1900இல் ஒன்றை இரண்டரை டாலருக்கு விற்றாள். ஊரே அதைச் செய்யத் தொடங்கி, 41ஆம் எண் நெடுஞ்சாலை ஓரமெல்லாம் மயில் படம் போட்ட விரிப்புகள் கொடியில் தொங்கின. பிறகு அந்த நூல்கோக்கும் வேலை எந்திரத்துக்குப் போனது. எந்திரம் அகலமாகிக் கம்பளம் பின்னியது. 1950களில் நைலான் வந்து சேர, சுவரோடு சுவராக ஒட்டிய மலிவுக் கம்பளம் அமெரிக்க வீடுகளை மூடியது. தரையோடு பொருத்திய இந்தக் கம்பளத்தைத் தூக்கி அடிக்க முடியாது. ஆகவே சுத்தம் செய்பவர்கள் தண்ணீரையும் பம்பையும் வேனில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். பூத்தின் வண்டி மறுபிறவி எடுத்தாற்போல் வேன் வாசலில் நிற்கும், குழாய் உள்ளே போகும். சூடான சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சி உடனே உறிஞ்சுவதை நீராவிச் சுத்தம் என்கிறார்கள். அதில் நீராவி பெரிதாக ஒன்றும் இல்லை.

12 முதல் 18 மாதத்துக்கு ஒருமுறை என்று பரிந்துரைக்கும் கம்பள உற்பத்தியாளர் சங்கம் அந்த டால்டனில்தான் இருக்கிறது. உத்தரவாதச் சீட்டுகளிலும் இந்த மாதிரி நிபந்தனை வருவதுண்டு. சொன்னவர்கள் கம்பளம் செய்பவர்கள். சொல்லப்பட்டது செருப்போடு வீட்டுக்குள் நடக்கிற, நாயும் பூனையும் புரள்கிற, கம்பளத்தைத் தூக்கவே முடியாத வீடுகளுக்கு. அந்த வீடுகளுக்கு அது நியாயமான கணக்குதான். அதை அப்படியே எல்லா வீட்டுக்கும் எல்லாக் கம்பளத்துக்கும் பொதுவிதியாக்குவதுதான் சரியில்லை.

கம்பளம் பிறந்த மண்ணில் வேறு கணக்கு. ஈரானில் மார்ச் 20, 21 வாக்கில் நவ்ரூஸ் புத்தாண்டு. அதற்கு முந்தைய வாரங்களில் நடக்கும் வீட்டுச் சுத்தத்துக்குப் பாரசீகத்தில் ‘கானே தகானி’ என்று பெயர். வீட்டை உதறுதல் என்று பொருள். கம்பளங்கள் மாடிக்கும் முற்றத்துக்கும் தெருவுக்கும் வந்துவிடும். தெஹ்ரானுக்குத் தெற்கே பழைய ரேய் நகரத்தில் ‘சஷ்மே அலி’ என்ற ஊற்று. மேலே பாறையில் ஃபத் அலி ஷா மன்னரின் புடைப்புச் சிற்பம். கீழே ஓடும் நீரில் தலைமுறை தலைமுறையாகக் கம்பளம் கழுவினார்கள். அந்தத் தண்ணீர் பட்டால் நிறம் பளிச்சிடும் என்று நம்பிக்கை. கழுவியதைப் பாறைச் சரிவு முழுக்க விரித்துக் காயவைத்திருக்கும் பழைய படங்களில் மலைக்கே பூத்துணி போர்த்தியதுபோல் இருக்கும்.

காஷான் அருகே மஷ்ஹத் அர்தேஹாலில் கம்பளம் கழுவுவதே வழிபாடு. சுல்தான் அலி என்ற புனிதர் கொல்லப்பட்டபோது ஃபீன், காவே ஊர் மக்கள் அவர் உடலைக் கம்பளத்தில் சுற்றி ஓடைக்குக் கொண்டுபோய்க் கழுவி அடக்கம் செய்தார்கள் என்பது ஐதிகம். ஈரானிய நாட்காட்டியில் மெஹ்ர் மாதம் 17ஆம் நாளை ஒட்டிய வெள்ளிக்கிழமை அன்று காவே மக்கள் கம்பளத்தில் பன்னீர் தெளித்துச் சுருட்டிக் கொடுக்க, ஃபீன் மக்கள் அலங்கரித்த தடிகளோடு அதை வாங்கிக்கொண்டு ஓடைக்குப் போகிறார்கள். ஓடும் நீரில் அலசி, தடிகளால் நீரும் பன்னீரும் தெளித்து, திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். அங்கேயும் தடி உண்டு. அடி மட்டும் இல்லை. 2012இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

தண்ணீர் காட்டுவது எல்லாக் கம்பளத்துக்கும் ஆகாது என்பதையும் ஈரான் அனுபவப்பட்டுத் தெரிந்துகொண்டது. மஞ்சிட்டி வேரிலும் அவுரியிலும் தோய்த்த பழைய கம்பளி நூல் ஓடைத் தண்ணீருக்குப் பயப்படாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய அனிலின் சாயம் மலிவாக வந்து இறங்கியது. முதல் கழுவலிலேயே சிவப்பு வெள்ளையில் இறங்கியது. ஈரான் அரசே அந்தச் சாயத்துக்குத் தடை போட வேண்டியதாயிற்று. இதற்கு நேர்மாறான கூத்து 1920களில் அமெரிக்காவில். ஈரானிலிருந்து வந்த சாரூக் வகைக் கம்பளங்களின் நிறம் அமெரிக்க வீட்டுக்காரிகளுக்குப் பிடிக்கவில்லை என்று, கப்பலில் வந்து இறங்கியதும் ரசாயனத்தில் கழுவி வெளுக்கவைத்து, பிறகு ஆட்களை உட்காரவைத்துத் தூரிகையால் சிவப்புச் சாயம் தீட்டினார்கள். இன்றும் பழைய சாரூக்கை வாங்குபவர்கள் அதன் முதுகைத் திருப்பிப் பார்ப்பார்கள். முன்பக்கம் அடர்சிவப்பு, பின்பக்கம் இளஞ்சிவப்பு என்றால் விஷயம் தெரிந்துவிடும்.

பிற நாடுகளின் வழக்கங்களையும் ஒரு பார்வை பார்க்கலாம். பின்லாந்தில் கோடை வந்தால் ஹெல்சின்கி கடற்கரைத் துறைகளில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பைன் மரச் சோப்புப் போட்டுக் கந்தல் விரிப்புகளைத் தேய்க்கிறார்கள். போலந்தின் அடுக்குமாடி முற்றங்களில் கம்பளம் போட்டு அடிக்க இரும்புச் சட்டம் நட்டுவைத்தார்கள். ‘த்ஷெபாக்’ என்று பெயர். கம்பளம் தொங்காத நேரமெல்லாம் பிள்ளைகள் அதில் தலைகீழாகத் தொங்கினார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சிக்காலத்தில் வளர்ந்த போலந்துக்காரரிடம் பால்யம் என்றால் அந்தக் கம்பிதான் முதலில் நினைவுக்கு வரும்.

நம் வீட்டுப் பவானி ஜமக்காளத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. பருத்தி, நூல்முடி கிடையாது, மணல் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. கல்யாணம் முடிந்த மறுநாள் நனைத்து, துவைத்து, இரண்டு பேர் முறுக்கிப் பிழிந்து வேலியில் போட்டால் மாலைக்குள் காய்ந்துவிடும். அந்தப் பழக்கத்திலேயே காஷ்மீரக் கம்பளத்தையும் துவைகல்லுக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. முடிச்சுக் கம்பளத்தின் அடிப்பகுதி உள்ளே ஈரத்தை நாள்கணக்கில் பிடித்துவைத்துக்கொள்ளும். நம்மூர்ப் புழுக்கத்தில் அது அப்படியே புளித்து மக்கிப்போகும்.

ஆகவே கணக்கு இப்படி. செருப்பை வாசலில் கழற்றும் வீட்டில், கையால் முடிந்த கம்பளிக் கம்பளத்துக்கு மூன்று முதல் ஐந்து வருஷத்துக்கு ஒரு கழுவல் போதும் என்று பல கம்பள வியாபாரிகளே சொல்கிறார்கள். கடை, அலுவலகம், செருப்போடு நடக்கும் கூடம் என்றால் டால்டன் கணக்குத்தான் சரி. நடுவில் சந்தேகம் வந்தால், கம்பளத்தின் ஒரு மூலையைத் திருப்பி, கீழே வெள்ளைத்தாள் வைத்து, முதுகில் நாலு தட்டுத் தட்டுங்கள். தாளில் மணல் விழுந்தால் ஆளைக் கூப்பிடும் வேளை வந்துவிட்டது. அதற்குமுன் ஈரமான வெள்ளைத் துணியால் சிவப்பு நிறத்தின்மேல் ஒருமுறை அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் சாயம் ஒட்டினால், வருகிற ஆளிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.